அம்மாவின் கால் வீக்கம்: சுற்றுகிற பண்டேஜ் பகலுக்குள் இறங்கிவிடுகிறது

களுவாஞ்சிக்குடி மகள்:
அம்மாவுக்கு 63 வயது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து 4 வருடம். போன ஆவணியிலிருந்து இடது கால் வீங்குகிறது. நிணநீர் தேங்குவதால் வரும் வீக்கம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். பிசியோ ஒருமுறை பண்டேஜ் சுற்றிக் காட்டினார். வீட்டில் நான் சுற்றினால் பத்து மணிக்கே கணுக்காலுக்கு இறங்கிவிடுகிறது. பின்னேரம் அவிழ்த்தால் முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டினது போலத் தடம். பாதம் காலையில் இருந்ததைவிடப் பெரிது. "விடு மகள், உனக்கும் கரைச்சல்" என்கிறா அம்மா. எனக்கு விட மனமில்லை. எங்கே பிழை விடுகிறேன்?

கல்லடி அக்கா:
தங்கச்சி, எனக்கும் இதே வருத்தம். வலது காலில் 6 வருடமாகச் சுற்றுகிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன், எத்தனை மணிக்குச் சுற்றுறீங்க? அம்மா எழும்பி முற்றம் கூட்டி, தேத்தண்ணி குடித்த பிறகென்றால் நீர் ஏற்கனவே காலுக்கு இறங்கியிருக்கும். படுக்கையை விட்டு எழும்ப முன் சுற்றுங்க.

இரண்டாவது குதிக்கால். தொடங்கும்போது நானும் அதை வெளியே விட்டுத்தான் சுற்றினேன். வரம்பில் ஒரு வக்கடை திறந்து கிடந்தால் தண்ணீர் அதாலேதான் போகும். அப்படித்தான் இதுவும், விட்ட இடத்தில் வந்து வீங்கும். பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக, விரல் மேலே பார்க்கிற மாதிரி நிமிர்த்தி வைத்து, விரல் அடியில் தொடங்கி, குதிக்காலை மூடி, முந்தின சுற்றின் பாதியை அடுத்த சுற்று மறைக்கிற மாதிரி மேலே வாங்க. கணுக்காலில் இறுக்கம் கூட, மேலே போகப் போகக் குறைய. உங்களுக்கு அது தலைகீழாக நடக்கிறது, அந்தத் தடமே சொல்கிறது. கணுக்காலில் பள்ளம் இருந்தால் உள்ளே பஞ்சுப் பட்டை வைத்து நிரப்புங்க, இறங்காது.

பாமசியில் எடுத்த கிறேப் பண்டேஜா? அது நன்றாக இழுபடும், நடக்கும்போது கெண்டைக்காலோடு சேர்ந்து விரிந்து கொடுத்துவிடும். இந்த வருத்தத்துக்குக் குறைவாக இழுபடுகிற வகை வேண்டும். தசை அதன்மேல் முட்டும்போதுதான் நீர் மேலே தள்ளுப்படும். அதனால் சுற்றிவிட்டுக் கதிரையில் இருத்தி வைக்காதீங்க, நடக்க விடுங்க. தொடையும் வீங்கியிருந்தால் முழங்காலோடு நிறுத்தக் கூடாது, பிசியோவிடம் கேளுங்க.

திருக்கோவில் தம்பி:
அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா அக்கா? எங்கள் அப்பாவுக்குக் கால் வீங்கினபோது ஒருவரையும் கேட்காமல் நாங்களே சுற்றினோம். இரவு விரல்கள் நீலம் பாரித்துக் குளிர்ந்துவிட்டன. காலுக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடி ஏற்கனவே சுருங்கியிருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. இருதய வருத்தம் உள்ளவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் சுற்றக் கூடாது. விரல் விறைத்தால், நிறம் மாறினால், வலித்தால் உடனே அவிழ்த்துவிடுங்க. கால் திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் பண்டேஜை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

களுவாஞ்சிக்குடி மகள்:
சீனி இல்லை தம்பி. நாடியைக் கிளினிக்கில் பார்த்துத்தான் சுற்றச் சொன்னார்கள். அக்கா, என்னுடையது கிறேப்தான். இருக்கிறதை வைத்து நாலு நாளாக விடிய ஐந்தரைக்கே, குதிக்காலையும் சேர்த்துச் சுற்றுகிறேன். படுக்கும்போது அவிழ்த்துவிடுகிறேன். இன்றைக்கு மத்தியானம் சோறாக்கி முடியும்வரை இறங்கவில்லை. தையல் நாடாவால் பாதத்தைச் சுற்றி அளந்தேன், 26 சென்ரிமீற்றர் இருந்தது 25 ஆகியிருக்கிறது. தொடையும் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கிளினிக்கில் அதையும், மற்ற வகைப் பண்டேஜையும் கேட்கிறேன்.