நாடகத்துல வர்ற அந்தக் காடி, அந்தத் தெரு

*ஈசூன் சித்தி, இரவு 8:04*
[படம்]
மீவாட்ச் ஆப்ல நம்ம சிங்கப்பூர் வசந்தம் டிவியோட பழைய நாடகம் ஒன்னு ஓடுது. இந்தச் சீன்ல காடி நிக்குற இடம் எது? பின்னாடி கலர் கலரா புளோக் தெரியுது. எந்த வருஷம் எடுத்திருப்பாங்க?

*தெம்பனிஸ் மாமா, 8:09*
ரோச்சோர் சென்டர்மா, சந்தேகமே இல்ல. நாலு புளோக், கீழே கடை, மேலே வீடு. 2016 கடைசிக்குள்ள எல்லாரும் காலி பண்ணிட்டாங்க, 2018ல இடிச்சாங்க. வடக்கு-தெற்கு விரைவுச்சாலை அந்த வழியாத்தான் போகுது.

*தெம்பனிஸ் மாமா, 8:10*
படத்தைப் பெருசாக்கிப் பாரு. மேல் மாடியில கழியில துணி காயுது. அப்ப ஆளுங்க குடியிருந்திருக்காங்க. அதனால 2016க்கு இந்தப் பக்கம் வராது.

*குட்டி, 8:12*
மாமா, நம்பர் பிளேட்டே தெரியுதே! கடைசி எழுத்தை வச்சு வருஷம் சொல்லிடலாம்ல? மிஸ்டர் பீன் மினிக்கு அப்படித்தான சொல்றாங்க.

*தெம்பனிஸ் மாமா, 8:16*
அது பிரிட்டன் நம்பர், குட்டி. பச்சை மினியோட நம்பர் எஸ்எல்டபிள்யூ 287 ஆர். கடைசியில ஆர் வந்தா 1976 ஆகஸ்டுல இருந்து 1977 ஜூலைக்குள்ள பதிஞ்ச காடி. அதே தொடர்ல பாவம் அடிக்கடி கவிழுமே ஒரு நீல மூணு சக்கர வண்டி, அதுக்குக் கடைசி எழுத்து கே. 1971 ஆகஸ்டு முதல் 1972 ஜூலை வரை. அங்க கடைசி எழுத்துதான் பிறந்த வருஷம்.
நம்ம ஊர்ல கடைசி எழுத்துக்கும் வருஷத்துக்கும் சம்பந்தமே இல்ல. அது கணக்கு சரிபார்க்குற எழுத்து.

*அண்ணி, 8:21*
அந்தக் கணக்கு நான் சொல்றேன், கைலயே போடலாம். எஸ்ஜிஏ 1234ன்னு வச்சுக்கோங்க. முதல் எஸ்ஸை விட்டுடுங்க. ஜி ஏழாவது எழுத்து, ஏ முதலாவது. ஆக 7, 1, 1, 2, 3, 4. இதை வரிசையா 9, 4, 5, 4, 3, 2ஆல பெருக்குங்க. 63, 4, 5, 8, 9, 8. கூட்டினா 97. அதை 19ஆல வகுத்தா மீதி 2.
மீதி 0 வந்தா ஏ, 1 வந்தா ஸெட், 2 ஒய், 3 எக்ஸ், 4 யூ. முழு வரிசையும் கீழே படத்துல இருக்கு. நமக்கு மீதி 2, அதனால கடைசி எழுத்து ஒய்.
[படம்]

*அண்ணி, 8:22*
நம்பர் மூணு இலக்கமோ ரெண்டோ இருந்தா முன்னாடி 0 போட்டு நாலாக்கணும். இதை மறந்தா விடை தப்பாத்தான் வரும். எஃப், ஐ, என், ஓ, கியூ, வி, டபிள்யூ இந்த ஏழும் கடைசி எழுத்தா வராது. நாடகத்துல அப்படி வந்தாலோ கணக்கு ஒத்துவரலன்னாலோ, அது படப்பிடிப்புக்குன்னு செஞ்ச பிளேட்டு.

*குட்டி, 8:25*
முன்னாடி வர்ற எழுத்து? எஸ்பின்னா பழசு, எஸ்எல்னா புதுசுதான?

*தெம்பனிஸ் மாமா, 8:29*
புதுசா பதியுற காடிக்கு வரிசையாத்தான் குடுப்பாங்க. ஆனா பிடிச்ச நம்பரைக் காசு கட்டி அடுத்த காடிக்கு மாத்திக்கலாம். அதனால புத்தம் புது காடியில ரொம்பப் பழைய நம்பர் தொங்கும். நம்பரை மட்டும் நம்பி வருஷம் சொல்லாதே.
காடி மாடலைப் பாரு, அதுதான் நல்ல சாட்சி. 1990ல சிஓஇ (காடி வச்சுக்க வாங்குற உரிமச் சான்றிதழ்) வந்த பிறகு ஒரு காடிக்குப் பத்து வருஷம்தான் கணக்கு. புதுப்பிக்கலாம், ஆனா நிறையப் பேர் அதுக்கு முன்னாடியே குடுத்துடுவாங்க. ரோட்டுல நிக்குற பத்துக் காடியைப் பாத்தா வருஷம் கிட்டத்தட்டப் பிடிபடும்.

*தெம்பனிஸ் மாமா, 8:31*
அதைவிட டாக்சி. சித்தி அனுப்புன படத்துல இடது ஓரத்துல கம்ஃபர்ட் கம்பெனியோட நீல டாக்சி ரெண்டு நிக்குது பாருங்க. ஒன்னு சொனாட்டா, முன்பக்கம் வளைஞ்சு இறங்கும். இன்னொன்னு டொயோட்டா கிரௌன், பெட்டி மாதிரி சதுரமா, பானெட் தட்டையா. சொனாட்டா டாக்சி 2007லதான் வந்துச்சு. கிரௌன் 2014க்கு அப்புறம் ரோட்டுல இல்ல. ரெண்டும் ஒரே சீன்ல நின்னா அதுக்கு நடுவுலதான்.

*அண்ணி, 8:33*
மூலையில இருக்கிறது பழைய வசந்தம் சென்ட்ரல் சின்னம் இல்ல, தனி ஒளிவழியான பிறகு வந்த வசந்தம் சின்னம். அது 2008 அக்டோபர். அப்ப 2008ல இருந்து 2014 வரை 👍

*குட்டி, 8:34*
இன்னும் பழைய நாடகம்னா?

*தெம்பனிஸ் மாமா, 8:38*
விண்ட்ஸ்கிரீனைப் பாரு. ஓட்டுறவருக்கு வலது பக்கம் கீழ் மூலையில ஐயு பெட்டி ஒட்டியிருக்கும், இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்) எடுக்குற கருவி. முன்னாடி நின்னு பாக்குற நமக்கு அது இடது மூலை. அது இருந்தா 1997க்கு முன்னாடி எடுத்திருக்க வாய்ப்பு இல்ல. இஆர்பி 1998ல வந்துச்சு, பெட்டியை அதுக்கு முந்தின வருஷமே பொருத்த ஆரம்பிச்சுட்டாங்க.
கடைப் பலகையையும் விடாதே. அஞ்சல் குறியீடு 1995ல ஆறு இலக்கம் ஆச்சு. வீட்டுத் தொலைபேசி 2002ல ஏழுல இருந்து எட்டாச்சு. ஆனா ஒரு எச்சரிக்கை: கடைக்காரங்க பழைய பலகையைப் பல வருஷம் மாத்தாம வச்சிருப்பாங்க. அந்த நம்பர் (கைத்தொலைபேசி இல்ல) எட்டு இலக்கமா இருந்தா 2002 இல்லன்னா அதுக்குப் பிறகுன்னு அடிச்சுச் சொல்லலாம். ஏழு இருந்தா ஒன்னும் சொல்ல முடியாது.

*ஈசூன் சித்தி, 8:41*
சரி, அந்த இடத்தை இப்ப எப்படிப் பாக்குறது? மேப்புல போட்டா ரோடு வேலைதான் தெரியுது.

*அண்ணி, 8:47*
கம்ப்யூட்டர்ல திறங்க சித்தி, அதுல சுலபம். கூகல் மேப்ஸ்ல ரோச்சோர் ரோடு போட்டு, வலது கீழ் ஓரத்துல இருக்கிற மஞ்சள் பொம்மையை இழுத்து ரோட்டு மேல விடுங்க. தெரு தெரிஞ்சதும் இடது மேல் பெட்டியில மாதமும் வருஷமும் இருக்கும். பக்கத்துல இருக்கிற "மேலும் தேதிகள்" அமுக்குனா கீழே பழைய படங்கள் வரிசையா வரும். சிங்கப்பூருக்குத் தெருக்காட்சி 2009 கடைசியிலதான் வந்துச்சு, அதுக்கு ரொம்ப முந்தியது கிடைக்காது. இந்த இடத்துக்கு அதுவே போதும்.

*ஈசூன் சித்தி, 8:55*
தேதியே வரலயே. ஒரே ஒரு படம்தான் காட்டுது.

*அண்ணி, 8:57*
பொம்மையை நீல வட்டத்துல விட்டிருப்பீங்க. வட்டம்னா யாரோ தனியா ஏத்துன படம், அதுக்குப் பழைய தேதி இருக்காது. நீலக் கோடு மேல விடுங்க. கோடுதான் கூகல் காடி ஓடுன பாதை.
இன்னொன்னு, பழைய வருஷத்துல ஒரு அடி முன்னாடி போனா சில இடத்துல சத்தமில்லாம வேற வருஷத்துக்குத் தாவிடும். ஒவ்வொரு அடிக்கும் மேல தேதியைப் பாத்துக்கோங்க.

*தெம்பனிஸ் மாமா, 9:02*
அதுல காடி நம்பர் தேடாதீங்க, எல்லாத்தையும் மங்கலாக்கிடுவாங்க. ஒரே காடி ரெண்டா வெட்டுன மாதிரி தெரிஞ்சாலும் பயப்படாதீங்க. ஓடிக்கிட்டிருக்கும்போது எடுத்த படங்களை ஒட்டுறதால வர்றது.
நாடகப் படத்தோட ஒப்பிட, கிட்ட ஒன்னு தூரத்துல ஒன்னு, ரெண்டு பொருள் எடுத்துக்கோங்க. இந்தப் படத்துல விளக்குக் கம்பம் நீல புளோக்கோட ஓரத்தை மறைக்குது. அதே மாதிரி மறையுற வரைக்கும் ரோட்டுல முன்ன பின்ன நகருங்க. கிட்டப் போகாதீங்க, தள்ளி நின்னு ஜூம் பண்ணுங்க. நாடகக் கேமரா தூரத்துல இருந்து இழுத்து எடுத்திருக்கு, அதான் புளோக் காடிக்கு முதுகுலயே நிக்குற மாதிரி இருக்கு. கூகல் கேமரா காடிக் கூரைக்கு மேல இருக்கிறதால உயரம் மட்டும் கொஞ்சம் ஒத்துவராது, அதை விட்டுடுங்க.

*குட்டி, 9:04*
1990கள் தெரு வேணும்னா?

*அண்ணி, 9:08*
தெருக்காட்சி இல்ல. கூகல் எர்த் புரோ இலவசம்தான், மேல கடிகாரப் படத்தை அமுக்குனா மேலிருந்து எடுத்த பழைய படங்கள் வரும். தெருவுல நின்னு எடுத்த போட்டோன்னா தேசிய ஆவணக் காப்பகத்தோட ஆர்க்கைவ்ஸ் ஆன்லைன்ல தெருப் பேர் போட்டுத் தேடு.
வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் தேடுறப்ப இன்னொரு வழி: சுவத்துல பெருசா எழுதியிருக்கிற புளோக் நம்பர்தான் பெரும்பாலும் அஞ்சல் குறியீட்டோட கடைசி மூணு இலக்கம்.

*தெம்பனிஸ் மாமா, 9:11*
இதையும் எல்லாரும் கவனிங்க. சொந்த வீட்டை மறைக்கச் சொல்லி கூகலுக்கு எழுதுனா அது நிரந்தரம், திரும்ப எடுக்க முடியாது. பாட்டி இருந்த வீடு மாதிரி எதுக்கும் யாரும் அப்படிச் செஞ்சிடாதீங்க.

*ஈசூன் சித்தி, 9:26*
[படம்]
கிடைச்சிருச்சு! கம்பம் நீல புளோக்கை மறைக்குது, நாடகத்துல வர்ற மாதிரியே. கடை முன்னாடி வர்ற ஐந்தடிப் பாதையோட தூணும் இருக்கு 😭

*அண்ணி, 9:28*
அழகா இருக்கு சித்தி. ஷேர் அமுக்கி லிங்க் எடுத்து இங்க போடுங்க. போன்ல திறந்தா சில நேரம் புதுத் தேதிக்குப் போயிடும், அதனால தேதி தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட்டும் ஒன்னு.

*தெம்பனிஸ் மாமா, 9:29*
அப்படியே பொம்மையைத் திருப்பி வாட்டர்லூ ஸ்திரீட் பக்கம் போம்மா. கிருஷ்ணன் கோயில் வாசல்ல என்ன காடி நிக்குதுன்னு பாப்போம்.