'எல் கிளான்' படத்துக்கு சப்டைட்டில் பாதியில் விலகுகிறது, உதவி தேவை

வரும் சனிக்கிழமை நண்பர்களுக்கு 'எல் கிளான்' (2015, பாப்லோ த்ராபேரோ) போட்டுக் காட்ட வேண்டும். அர்ஜென்டினாவில் 80களில் ஆள் கடத்திப் பணம் பறித்து, பிணைக்கைதிகளைக் கொன்ற புச்சியோ குடும்பத்தின் உண்மைக் கதை. ஸ்பானிஷ் எங்கள் யாருக்கும் தெரியாது. ஆங்கில சப்டைட்டிலோ படத்தோடு ஒட்ட மாட்டேன் என்கிறது.

வீடியோ எம்கேவி கோப்பு, விநாடிக்கு 23.976 ஃபிரேம். சப்டைட்டில் தனி எஸ்ஆர்டி கோப்பு (வசனமும் அது தோன்றும் நேரமும் உள்ள உரைக் கோப்பு). விண்டோஸ் 11, விஎல்சி பிளேயர்.

முதலில், படம் ஓட ஓட எழுத்து முந்திக்கொண்டே போனது. அரை மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். க்ரைம் படத்தில் இதைவிடக் கொடுமை உண்டா? விஎல்சியில் ஜி, ஹெச் அழுத்தி நகர்த்தினால் அந்தக் காட்சிக்கு மட்டும் சரியாகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி விலகும். அப்புறம் 'சப்டைட்டில் எடிட்' என்ற மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை 25இலிருந்து 23.976க்கு மாற்றினேன். முதல் பாதி கச்சிதம். அப்பா சாப்பாட்டுத் தட்டோடு வீட்டுக்குள் நடந்து, கைதி இருக்கும் அறைக்குப் போகும் காட்சியில் ஒரு வரிகூடப் பிசகவில்லை.

பாதிக்கு மேல்தான் சிக்கல். எழுத்து திடீரென ஆறு விநாடி தாமதம், கடைசிவரை அதே ஆறு விநாடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் வீடியோவும் சப்டைட்டிலும் படத்தின் வேறு வேறு பதிப்போ என்று சந்தேகம். வேறு எஸ்ஆர்டி தேடிப் பார்த்தேன், கிடைத்ததெல்லாம் இதே கோப்புதான்.

முதல் பாதியைத் தொடாமல், குறிப்பிட்ட வரிக்குப் பின்னால் வருவதை மட்டும் சப்டைட்டில் எடிட்டில் மொத்தமாக ஆறு விநாடி முன்னால் நகர்த்துவது எப்படி?