காலை ஒன்பதரைக்கு 24 டெஸ்க்டாப்பும் உறைஞ்சு நிக்குது – ப்ராக்ஸ்மாக்ஸ், செஃப்

பள்ளத்தூர் லேப்:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளத்தூர்ல ஒரு பழைய வீட்டோட இரண்டாம் கட்டுல இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துறேன். புதுவயல், கண்டனூர், கோட்டையூர்ல இருந்தெல்லாம் பிள்ளைக வருதுக. ரைஸ் மில்லுலயும் ஜவுளிக்கடையிலயும் கணக்கு வேலை கிடைக்கணும்னு டேலி படிக்கிறதுக வகுப்புக்கு எட்டுப் பேர். மத்ததுக டைப்பிங், ஆபீஸ், கொஞ்சம் பைத்தான்.

இருந்தது 24 பழைய பிசி, எல்லாம் 4 ஜிபி ராம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட அப்டேட் நின்னுபோச்சு. 11 ஏத்தலாம்னா அது கேக்கிற டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் இல்ல. புதுசா 24 வாங்க வழியில்ல. அதனால செகண்ட் ஹேண்ட்ல மூணு டெல் ஆர்730 வாங்கி, ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரு சர்வருக்குள்ள பல கம்ப்யூட்டர் ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டு மூணையும் ஒண்ணாச் சேர்த்து கிளஸ்டர் ஆக்கினேன். ஒவ்வொண்ணுலயும் 14 கோர் ஸியான் ரெண்டு, 128 ஜிபி ராம், லேப்டாப்புக்கு விக்கிற சாதாரண 1 டிபி எஸ்எஸ்டி நாலு. ஸ்டோரேஜுக்கு செஃப், மூணு சர்வரோட டிஸ்க்கையும் ஒண்ணாச் சேர்க்கிற சாஃப்ட்வேர். எல்லாமே ஒரே கிகாபிட் ஸ்விட்ச்சுல. விண்டோஸ் 11 விஎம் (சர்வருக்குள்ள ஓடுற மெய்நிகர் கம்ப்யூட்டர்) 24, ஆளுக்கு 6 ஜிபி, ரெண்டு விசிபியு. பழைய பிசியில டெபியன் லினக்ஸும், விஎம்மோட திரையைக் காட்டுற ரெமினாவும் மட்டும்.

தனியா நான் உக்காந்து பாக்கிறப்போ பறக்குது. வகுப்பு தொடங்கி எல்லாரும் ஒண்ணா லாகின் பண்ணினா அவ்வளவுதான், மவுஸ் கூட நகர மாட்டேங்குது. பத்தேகாலுக்கு மேல தானா சரியாகுது. சிபியு 20 சதவீதம் தாண்டல, ராம் பாதிக்கு மேல காலி. ஐஓ டிலே (டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கிறது) மட்டும் 60, 70 சதவீதம்னு நிக்குது. வித்தவங்க இன்னொரு சர்வர் வாங்கச் சொல்றாங்க. ஒரு மணி நேர வகுப்புல முக்கால் மணி நேரம் வீணாப் போகுது; ரெண்டு பஸ் மாறி வர்ற பிள்ளைககிட்ட என்ன சொல்றது? எங்க தப்பு பண்ணினேன்?

கல்லல்காரன்:

அக்கா, இன்னொரு சர்வர் வேண்டாம். நான் கல்லல்தான், இப்ப சிங்கப்பூர்ல டேட்டா சென்டர் வேலை.

உங்க கணக்கையே பாருங்க. 24 விஎம்முக்கு 144 ஜிபி. ஒரு சர்வர் படுத்தாலும் மீதி ரெண்டுல 256. செஃப் ஒரு டிஸ்க்குக்கு 4 ஜிபி வீதம் அந்த ரெண்டுல இருக்கிற எட்டு டிஸ்க்குக்கு 32 எடுத்துக்கும். அப்பவும் தாராளம். இடிக்கிறது டிஸ்க்கும் நெட்வொர்க்கும். நாளைக்கு ஒன்பதரைக்கு ‘செஃப் ஓஎஸ்டி பெர்ஃப்’ கமாண்ட் ஓட்டி, கமிட் லேட்டன்சி (ஒரு ரைட் டிஸ்க்குல உக்கார ஆகிற நேரம்) எவ்வளவுன்னு போடுங்க. விஎம்மெல்லாம் தனித்தனி முழு நகலா எடுத்த முழு க்ளோனா, ஒரே மூலத்தைப் பகிர்ந்துக்கிற லிங்க்ட் க்ளோனா? ரெய்டு கார்டு எந்த மோடுல இருக்கு?

பள்ளத்தூர் லேப்:

பாத்தேண்ணே. 12 டிஸ்க்குல ஒண்ணு கூட 300 மில்லிசெகண்டுக்குக் கீழ இல்ல, ரெண்டு 700 தாண்டிருச்சு. முழு க்ளோன்தான். ரெய்டு கார்டை, டிஸ்க்கை நேரா செஃப்புக்கே விடுற ஹெச்பிஏ மோடுக்கு மாத்தித்தான் போட்டேன்.

கல்லல்காரன்:

ஹெச்பிஏ சரி. கோளாறு எஸ்எஸ்டியில. செஃப் ஒவ்வொரு ரைட்டையும் மூணு சர்வர்லயும் எழுதி, மூணும் ‘டிஸ்க்குல உக்காந்தாச்சு’ன்னு சொன்ன பிறகுதான் விஎம்முக்குப் பதில் தரும். என்டர்பிரைஸ் எஸ்எஸ்டிக்குள்ள கெப்பாசிட்டர் இருக்கும். கரண்ட் போனாலும் கேஷ்ல இருக்கிறதை எழுதி முடிச்சிடும்கிற தைரியத்துல அது உடனே பதில் சொல்லும். லேப்டாப் எஸ்எஸ்டிக்கு அந்தத் தைரியம் கிடையாது, ஒவ்வொரு தடவையும் ஃப்ளாஷ் வரைக்கும் போய் எழுதிட்டுத்தான் வரும். பெட்டியில போட்டிருக்கிற வேகமெல்லாம் இந்த வேலைக்குப் பொருந்தாது.

ரெண்டாவது, கிகாபிட்ல நொடிக்கு 110 எம்பி போனா பெரிசு. அதுலயே பிள்ளைகளோட திரையும் போகுது, செஃப்போட மூணு நகலும் போகுது, கிளஸ்டர் உயிரோட இருக்கான்னு பாக்கிற கோரோசிங்க்கும் போகுது.

செலவு குறைவா ஒரு வழி. சர்வருக்கு ரெண்டு வீதம் ஆறே ஆறு 960 ஜிபி என்டர்பிரைஸ் சாட்டா எஸ்எஸ்டி, செகண்ட் ஹேண்ட்லயே வாங்குங்க. தேய்மான அளவு பாத்து வாங்கணும். மூணு நகல் போக 1.9 டிபி மிஞ்சும். ஆனா 40 சதவீதத்துக்கு மேல நிரப்பாதீங்க. ஒரு டிஸ்க் போனா அதே சர்வர்ல இருக்கிற இன்னொண்ணுதான் முழுப் பாரத்தையும் சுமக்கணும். ரெண்டு போர்ட் 10ஜி கார்டு மூணும், டிஏசி கேபிள் (10ஜி கார்டுகளை நேரா இணைக்கிற செம்புக் கேபிள்) மூணும் வாங்கி சர்வரைச் சர்வரோட முக்கோணமா நேரா இணைங்க. 10ஜி ஸ்விட்ச்சே தேவையில்ல. செஃப் அதுல மட்டும் ஓடட்டும், கோரோசிங்க்குக்குத் தனி கிகாபிட் போர்ட்.

விஎம்மை ஒரே டெம்ப்ளேட்ல இருந்து லிங்க்ட் க்ளோனா திரும்ப எடுங்க. எட்டரைக்கே ரெண்டு ரெண்டா எழுப்புற மாதிரி க்ரான்ல (நேரம் குறிச்சா தானா வேலையை ஓட்டுறது) போட்டுடுங்க. பிள்ளைக வர்றப்போ லாகின் பாரம் மட்டும்தான் இருக்கும்.

தேவகோட்டை கணக்கு:

நான் ஆடிட் ஆபீஸ்ல ஐடி பாக்கிறேன், வயசுல பெரியவன், அதனால சொல்றேம்மா. வேகத்தை விட எனக்கு லைசென்ஸ்தான் உறுத்துது. பழைய பிசியோட வந்த ஓஇஎம் விண்டோஸ் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் செல்லும். விஎம்முல விண்டோஸ் 11 ஓட்டி இந்த மாதிரி பிசியில இருந்து எட்டிப் பாக்க மைக்ரோசாஃப்ட்டோட விடிஏங்கிற தனி உரிமை வேணும். 24 பேருக்கும் அது எதுக்கு? டேலி படிக்கிற எட்டுப் பேருக்கு ஒரே ஒரு விண்டோஸ் சர்வர் விஎம், எட்டு ஆர்டிஎஸ் கால் (CAL, அந்த சர்வர்ல தூரத்துல இருந்து உக்கார வேண்டிய லைசென்ஸ்). கால் போடாம 120 நாள் ஓடும், அதை நம்பி உக்காந்துடாதீங்க. சர்வர் லைசென்ஸ் கோர் கணக்கு, அந்தப் பெட்டியில இருக்கிற 28 கோருக்கும் வாங்கணும். அந்த விஎம்மை ஒரே சர்வர்ல கட்டிப் போடுங்க. மூணுலயும் உலாவ விட்டா மூணுக்கும் வாங்க வேண்டியிருக்கும். மத்த 16 பேருக்கு லினக்ஸ் விஎம், எக்ஸ்எஃப்சிஇங்கிற லேசான டெஸ்க்டாப், 3 ஜிபி போதும்.

தமிழ்99 கீபோர்டை விஎம்முக்குள்ள மட்டும் போடுங்க. எதிர்ல இருக்கிற பிசியிலயும் போட்டா எழுத்து குழம்பும்.

காரைக்குடி யுபிஎஸ்:

கரண்ட் பத்தி யாரும் பேசலயே. பழைய வீடுன்னா முதல்ல எர்த்தைப் பாருங்க. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல 3 வோல்ட்டுக்கு மேல காட்டினா சர்வரை ஏத்தாதீங்க, புதுக் குழி போடுங்க. நம்ம பக்கம் சித்திரை வைகாசி இடிக்கு ஸ்விட்ச் போர்ட்தான் முதல்ல போகும். மூணு சர்வரும் சேர்ந்து 700, 800 வாட் இழுக்கும். 3 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ் போதும், ஒரு டன் ஏசி தாராளம். யுபிஎஸ்ல இருந்து யுஎஸ்பி ஒரு சர்வருக்குப் போகட்டும், நட் (NUT, யுபிஎஸ்ஸைக் கவனிக்கிற சாஃப்ட்வேர்) போட்டா அது மத்த ரெண்டுக்கும் சேதி சொல்லும். கரண்ட் போனா முதல்ல விஎம், அடுத்து செஃப்ல நோஅவுட் (noout, டிஸ்க் காணோம்னு டேட்டாவை நகர்த்தாதேங்கிற செட்டிங்), கடைசியா சர்வர். இந்த வரிசையில நிக்கட்டும்.

பள்ளத்தூர் லேப்:

அஞ்சு வாரம் கழிச்சு எழுதுறேன்.

எஸ்எஸ்டியை ஒவ்வொண்ணா மாத்தினேன். ஒண்ணை வெளிய எடுத்து, ‘ஹெல்த் ஓகே’ வர்ற வரைக்கும் அடுத்ததுல கை வைக்கல. ரெண்டு ஞாயிறு போச்சு. கார்டும் கேபிளும் சிங்கப்பூர் அண்ணன் சொன்ன மாதிரியே முக்கோணம். கமிட் லேட்டன்சி இப்ப வகுப்பு நேரத்துலயும் 2, 3 மில்லிசெகண்ட். நேத்து ஒன்பது முப்பத்திரெண்டுக்கு 24 பேரும் உள்ள இருந்தாங்க, நான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன்.

எர்த்துல 11 வோல்ட் காட்டுச்சு. அது தெரியாமலே இத்தனை நாள் ஓட்டியிருக்கேன்னு நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. தோட்டத்துப் பக்கம் புதுக் குழி போட்டாச்சு. நெட்வொர்க் கேபிளுக்குத்தான் பாடு. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பூசிப் பளபளன்னு இழைச்ச சுவரு, “ஒரு ஆணி கூட இறங்கக் கூடாது”ன்னு வீட்டு ஆச்சி சொல்லிட்டாக. அந்தக் கனத்துக்கு வைஃபையும் போகாது. வளவுத் தாழ்வாரத்து மர உத்திரத்து மேலயே கயிறு போட்டுக் கட்டி இழுத்தோம். ஆச்சி கூடவே நின்னு பாத்தாக.

டேலி எட்டுப் பேரும் விண்டோஸ் சர்வர்ல. ஆர்டிஎஸ் கால் வாங்கப் பணம் ட்ரஸ்ட்ல கேட்டிருக்கேன், 120 நாள்ல 31 போயிடுச்சு. தேவகோட்டை அண்ணே, அந்த லைசென்ஸை ஆளுக்கு எடுக்கிறதா, பெட்டிக்கு எடுக்கிறதா? காலையில எட்டு, மத்தியானம் வேற எட்டு உக்காருதுக.

தேவகோட்டை கணக்கு:

பெட்டிக்கு எடுங்கம்மா. ஆளுக்கு எடுத்தா 16, பெட்டிக்கு எடுத்தா 8. டேலி பிள்ளைகளை எப்பவும் அதே எட்டு பிசியில உக்கார வைங்க.