6 அங்குல மின்படிப்பானில் ஆய்வுக் கட்டுரைகளையும் ஆர்.எஃப்.சி ஆவணங்களையும் படிப்பது எப்படி?

வலைப்பின்னல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கணினி வலையமைப்புத் துறையில் பணிபுரிகிறேன். பகல் முழுவதும் ஒளிரும் திரையைப் பார்ப்பதால், துறை சார்ந்த வாசிப்பையாவது தாள் போலத் தோன்றும் மின்மைத் (இ-இங்க்) திரையில் வைத்துக்கொள்ள விரும்பி 6 அங்குலக் கிண்டில் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். நாவல்களையும் கட்டுரைத் தொகுப்புகளையும் அதில் நிறைவாகப் படிக்க முடிகிறது. ஆனால் நான் படிக்க வேண்டியவை பெரும்பாலும் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ வெளியிடும் இதழ்களின் இரட்டைப் பத்திக் கட்டுரைகள், ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளைப் பகிரும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் வரும் சமன்பாடுகள் நிறைந்த கட்டுரைகள், இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி ஆவணங்கள் ஆகியவையே.

பிடிஎஃப் கோப்பை அப்படியே திறந்தால் எழுத்து மிகச் சிறியதாக இருக்கிறது. மின்னூல்களை வடிவம் மாற்றும் காலிபர் மென்பொருளைக் கொண்டு, திரைக்கேற்ப வரிகள் மாறியமையும் ஈபப் (EPUB) வடிவமாக மாற்றினால், பக்கத்தின் மேலே இருக்க வேண்டிய இதழின் பெயர் ஒரு வாக்கியத்தின் நடுவில் வந்து நிற்கிறது, சமன்பாடுகள் உதிர்ந்துவிடுகின்றன. காலிபரில் நான் அறியாத அமைப்பு ஏதேனும் உள்ளதா, அல்லது பெரிய திரையுள்ள கருவியை வாங்குவதுதான் வழியா?

அச்சுக்கூடம்

காலிபரின் அமைப்புகளில் இதற்குத் தீர்வு இல்லை, நண்பரே. உள்ளீடாகத் தரப்படும் வடிவங்களில் மிக மோசமானவற்றுள் ஒன்று பிடிஎஃப் என்று அந்த மென்பொருளின் கையேடே சொல்கிறது. 1993இல் அடோபி அறிமுகப்படுத்திய இந்த வடிவத்தின் நோக்கம், எந்தக் கணினியில் திறந்தாலும் தாளில் அச்சானது போலவே பக்கம் தெரிய வேண்டும் என்பதுதான். ஆகவே கோப்பினுள் இருப்பது 'இந்த எழுத்துருவின் இந்த வடிவத்தைத் தாளின் இந்த இடத்தில் வை' என்ற கட்டளைகளின் தொகுதி. பாரா எங்கே முடிகிறது, எது தலைப்பு, எது அடிக்குறிப்பு என்ற செய்தி பெரும்பாலான கோப்புகளில் இருப்பதே இல்லை. இரண்டு சொற்களுக்கு இடையிலான வெளிகூடப் பல நேரங்களில் எழுத்தாகப் பதிவாகாமல் வெறும் இடைவெளியாகவே இருக்கும். மாற்றும் மென்பொருள் இவை அனைத்தையும் இடத்தை வைத்து ஊகிக்கிறது. ஊகம் தவறும்போது இதழின் பெயர் உங்கள் வாக்கியத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

தொழில்நுட்ப ஆவணங்களில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உதிர்ந்துபோன சமன்பாடு கண்ணில் பட்டுவிடும், மூலத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்வீர்கள். ஆனால் 10⁶ என்பது மேலெழுத்தை இழந்து 106 என்று நிற்கும்போது எதுவும் பழுதாகத் தெரியாது. பத்து இலட்சம் நூற்று ஆறாக மாறியிருப்பதை அறியாமலே அடுத்த வரிக்குப் போய்விடுவோம். இந்தக் காரணத்துக்காகவே, எண்கள் முக்கியமாக உள்ள எந்த பிடிஎஃப் கோப்பையும் ஈபப் ஆக மாற்றிப் படிக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். பக்கத்தைப் படமாக நறுக்கிக்கொள்ளலாம், அல்லது ஆவணத்தின் மூலக் கோப்பைத் தேடிப் போகலாம்.

பத்திக்கோடு

நறுக்கும் வழியைப் பற்றி நான் சொல்கிறேன். 6 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 91 மி.மீ., உயரம் 122 மி.மீ. ஏ4 தாள் முழுவதையும் அதற்குள் அடக்கினால், 10 புள்ளி (பாயிண்ட்) எழுத்து சுமார் 4 புள்ளியாகச் சுருங்கிவிடும். அதை எவராலும் தொடர்ந்து படிக்க முடியாது. ஆனால் ஐ.இ.இ.இ இதழ்களுக்கான லேடெக் (கட்டளைகளாக எழுதி அச்சுக்கோக்கும் மென்பொருள்) வார்ப்புருவில் ஒரு பத்தியின் அகலம் மூன்றரை அங்குலம், அதாவது சுமார் 89 மி.மீ. உங்கள் திரையின் அகலமும் கிட்டத்தட்ட அதுவேதான்! எனவே தொல்லை தருவதாக நீங்கள் கருதும் இரட்டைப் பத்திக் கட்டுரைகளே உண்மையில் சிறிய திரைக்கு மிகவும் ஏற்றவை. ஒவ்வொரு பத்தியாக வெட்டிக் காட்டினால் அச்சில் இருந்த அளவிலேயே படிக்கலாம்.

இதைச் செய்யும் கட்டற்ற மென்பொருள் கே2பிடிஎஃப்ஆப்ட் (k2pdfopt). கணினியில் அதை இயக்கி, இரட்டைப் பத்தி முறையைத் தேர்ந்தெடுத்தால், இடப்பத்தி, வலப்பத்தி என்ற வரிசையில் திரையின் அளவுக்கு நறுக்கிய புதிய பிடிஎஃப் கிடைக்கும். எழுத்துகளைப் பிரித்தெடுக்காமல் பக்கத்தை உள்ளபடியே நறுக்குவதால், அச்சுக்கூடம் அவர்கள் குறிப்பிட்ட மேலெழுத்துச் சிக்கல் இதில் வராது. இரண்டு பத்திகளையும் தாண்டி விரியும் அட்டவணைகள் மட்டும் சுருங்கித் தெரியும். அவற்றைக் கணினியில் பார்த்துக்கொள்வதே நல்லது.

கோபோ, பாக்கெட்புக் போன்ற பிற மின்படிப்பான்களில் கேஓரீடர் என்ற படிப்பு மென்பொருளை நிறுவினால், இந்த நறுக்கும் வசதி கருவியிலேயே கிடைத்துவிடும். கிண்டிலில் அதை நிறுவ, கருவியின் மென்பொருள் பூட்டை உடைக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை.

மூலக்கோப்பு

ஆர்க்கைவ் கட்டுரைகளுக்கு இதைவிட நேர்த்தியான வழி இருக்கிறது. அங்குள்ள கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியர் எழுதிய லேடெக் மூலத்தையே தரவிறக்கிக்கொள்ளலாம். 2023 டிசம்பர் முதல், லேடெக்கில் அனுப்பப்படும் புதிய கட்டுரைகளுக்கு வலைப்பக்க வடிவமான எச்.டி.எம்.எல்லையும் அந்தத் தளம் தருகிறது. எச்.டி.எம்.எல் பக்கத்தை ஈபப் ஆக்குவது எளிது; தலைப்பு தலைப்பாகவும் பாரா பாராவாகவும் முன்பே குறிக்கப்பட்டிருப்பதால் ஊகத்துக்கு அங்கே வேலையில்லை. சமன்பாடுகள் மாத்எம்எல் என்ற கணிதக் குறியீட்டு வடிவில் இருக்கும். கேஓரீடரும் கணினியிலுள்ள காலிபரின் படிப்பு வசதியும் அதை வரைந்து காட்டுகின்றன என்றாலும், எல்லாக் கருவிகளும் அப்படிச் செய்வதில்லை.

ஆகவே கிண்டில் வைத்திருப்பவர் மூலத்தையே சிறிய தாளுக்கு மறுபடி தொகுத்துக்கொள்வது மேல். கோப்பின் ஆவண வகை (documentclass) வரியில் இரட்டைப் பத்தியை ஒற்றையாக்குங்கள். ஜியோமெட்ரி என்ற லேடெக் துணைத்தொகுப்பில் தாளின் அளவை 90க்கு 120 மி.மீ. என்றும், ஓரங்களை 3 மி.மீ. என்றும் குறியுங்கள், பிறகு தொகுத்தால் உங்கள் திரைக்கென்றே அச்சுக்கோத்தது போன்ற பிடிஎஃப் கிடைக்கும். சமன்பாடுகள், மேற்கோள் இணைப்புகள், எழுத்துரு அனைத்தும் பழுதின்றி இருக்கும். நீளமான சமன்பாடுகள் ஓரத்தைத் தாண்டி ஓடுவதுண்டு. கட்டுரை உங்களுக்கு முக்கியமானதென்றால், அவற்றைக் கையால் இரண்டு வரியாக முறித்துவிடுங்கள்; அந்த உழைப்பு வீணாகாது, முறிக்கும்போதே சமன்பாட்டை ஒருமுறை ஊன்றிப் படித்துவிடுவோம். சில இதழ்களின் வார்ப்புருக்கள் தாளின் அளவை மாற்ற இடங்கொடுப்பதில்லை. அப்போது பத்திக்கோடு அவர்கள் சொன்ன வழியே கைகொடுக்கும்.

வலைப்பின்னல்

மூவருக்கும் மிக்க நன்றி. இரட்டைப் பத்திக் கட்டுரை ஒன்றை நறுக்கிப் பார்த்தேன். எழுத்து தெளிவாக இருக்கிறது. ஆர்.எஃப்.சி மட்டும் மீதமுள்ளது. உரைக் கோப்பை ஈபப் ஆக மாற்றினால் டி.சி.பி (இணையத்தில் தரவை அனுப்பும் நெறிமுறை) தலைப்பகுதியின் படம் கோடுகளும் கூட்டல் குறிகளுமாகச் சிதறிவிடுகிறது.

மூலக்கோப்பு

அந்தப் படம் எழுத்துகளால் வரையப்பட்டது. 32 பிட்டுகளைக் காட்ட ஒரு வரிக்கு 65 எழுத்துகள் தேவை. எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருந்து, வரி மடங்காமல் இருந்தால்தான் கட்டங்கள் பொருந்தும். 2019இன் பிற்பகுதி முதல் ஆர்.எஃப்.சி ஆவணங்களின் மூல வடிவம் எக்ஸ்.எம்.எல் ஆகிவிட்டதால், அதிலிருந்து உருவான எச்.டி.எம்.எல் வடிவமும் உடன் வெளியாகிறது. 1981இல் வந்த 793ஆம் எண் ஆவணத்துக்குப் பதிலாக, அதை நீக்கிவிட்டு 2022இல் வந்த 9293ஐ எடுத்துக்கொள்ளுங்கள்; டி.சி.பிக்கு இன்று நடப்பில் உள்ள வரையறையும் அதுதான். அதன் எச்.டி.எம்.எல் வடிவத்தை ஈபப் ஆக்கும்போது, காலிபரில் எழுத்தின் தோற்றத்தைக் குறிக்கும் கூடுதல் நடைதாளைச் (CSS) சேர்க்கும் இடத்தில், முன்வடிவமைத்த (pre) பகுதிகளுக்குச் சம அகல எழுத்துருவையும் சிறிய அளவையும் குறித்து, வரி மடங்காதபடி செய்துவிடுங்கள். படம் வரும் இடத்தில் கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பிக்கொள்ளலாம்.

பழைய ஆவணம்தான் வேண்டுமென்றால் ஈபப் வேண்டாம். உரைக் கோப்பின் வரி 72 எழுத்துகளுக்குள் முடிவது. சம அகல எழுத்துருவில் ஏழரைப் புள்ளி அளவில் அது சுமார் 114 மி.மீ. வரும். 122க்கு 91 மி.மீ. கிடைமட்டத் தாளில் அப்படியே பிடிஎஃப் ஆக்கினால், ஒரு கோடுகூட இடம் மாறாது.

அச்சுக்கூடம்

பெரிய கருவி வாங்குவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். கட்டுரைகளுக்கும் ஆர்.எஃப்.சிக்கும் அது தேவையில்லை. சில்லுகளின் தரவுத்தாள்களைப் படிப்பதாக இருந்தால் மட்டும் 10.3 அங்குலத் திரையை எண்ணிப் பாருங்கள். பக்கம் முழுவதும் பரந்து கிடக்கும் பதிவக (ரிஜிஸ்டர்) அட்டவணைகளை எந்த முறையில் நறுக்கினாலும், வரிசையின் தலைப்பு ஒரு துண்டிலும் மதிப்பு இன்னொரு துண்டிலுமாகப் பிரிந்துபோகும்.