பெண் கேரக்டருக்கு ஸ்ட்ரெங்த் வரம்பு: விதியாக எழுதலாமா?

நிலவறைக்காவலன்:
டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டு) 5ஆம் பதிப்பில், மந்திரம் குறைவான கேம்பெயினுக்கு (தொடர் கதைக்கு) ஒரு ஹவுஸ் ரூல், அதாவது நாமே சேர்க்கும் விதி. பெண் கேரக்டருக்கு ஸ்ட்ரெங்த் (உடல் வலு) −2, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) +2. ஸ்ட்ரெங்த் உச்சவரம்பு 20-க்குப் பதில் 16. கையிலிருந்து எடுத்த எண் இல்லை. விதிப்படி ஒருவர் தூக்கக்கூடியது ஸ்ட்ரெங்த் × 30 பவுண்டு. 2021-இல் பளுதூக்குதல் கிளீன் அண்ட் ஜெர்க்கில் லாஷா தலாகாட்ஸே தூக்கியது 267 கிலோ, லி வென்வென் 187. பவுண்டில் சுமார் 589, 412. முப்பதால் வகுத்தால் 19.6, 13.7. அந்தக் கணக்குக்கு 16 தாராளம்தான்.

பகடைப்பாண்டி:
கணக்கு அழகா இருக்கு நண்பா, ஆனா அதே விதியில ஹாஃப்லிங்னு ஒரு குள்ள இனத்தான் இருக்கான். 3 அடி உயரம், 40 பவுண்டு எடை. ஸ்ட்ரெங்த் 20 வந்தா அவனும் 600 பவுண்டு தூக்குறான், ஏன்னா சுமக்குற அளவுல ஸ்மால், மீடியம்னு உடல் அளவு வித்தியாசமே கிடையாது. தன் எடையைப் போல 15 மடங்கு தூக்குறவனை விட்டுட்டு மனுஷப் பொண்ணுகிட்ட மட்டும் தராசை நீட்டுனா எப்படி?

இன்னொன்னு, −2ன்னா சின்னதாத் தெரியும், இல்லை. முதல் லெவல் ஃபைட்டர் (போர்வீரன்), ஸ்ட்ரெங்த் 16, லாங்ஸ்வோர்டு, எதிரி ஏசி (அடி விழ டி20-ங்கிற 20 பக்கப் பகடையில கூட்டலோட எட்ட வேண்டிய எண்) 13. அடி விழ 65% வாய்ப்பு, விழுந்தா சராசரி 7.5. கிரிட்டிக்கலை (20 விழுந்தா இரட்டை டேமேஜ் டைஸ்) விட்டுட்டுப் பார்த்தா ஒரு அடிக்கு 4.875. ஸ்ட்ரெங்த் 14 ஆனா 60%, 6.5, அதாவது 3.9. சரியா அஞ்சுல ஒரு பங்கு போச்சு.

நிலவறைக்காவலன்:
அதை ஈடுகட்டத்தானே டெக்ஸ்டெரிட்டி +2?

பகடைப்பாண்டி:
அங்கதான் ஓட்டை. 5ஆம் பதிப்புல டெக்ஸ்டெரிட்டிதான் கனமான ஸ்டாட். லேசான கவசத்துல ஏசி, இனிஷியேட்டிவ் (யார் முதல்ல), வில், ஸ்டெல்த் (ஒளிஞ்சு போறது) எல்லாம் அதுல. ரேப்பியர்ங்கிற மெல்லிய வாளும் டி8 (8 பக்கப் பகடை) டேமேஜ், ஃபினெஸ் ஆயுதம், அதாவது டெக்ஸ்டெரிட்டியில அடிக்கலாம், அதனால லாங்ஸ்வோர்டை ஒரு கையில பிடிக்கிறவனை விட டேமேஜ்ல குறைவே இல்லை. நாலு பேர் டேபிள்ல உட்கார்ந்தா என்ன நடக்கும்? ரோக் (திருடன்), ரேஞ்சர் (வேட்டைக்காரன்) கிளாஸ் எடுக்குறவங்க எல்லாம் பெண்ணுன்னு எழுதுவாங்க, பெரிய கோடாலி தூக்குறவன் ஆணுன்னு எழுதுவான். உங்க விதி உடம்பைக் காட்டாது, கிளாஸைத்தான் பங்கு பிரிக்கும்.

பழையபதிப்பு:
இந்தச் சண்டை 1978-லேயே அச்சில் வந்தது. அட்வான்ஸ்டு டி அண்ட் டி முதல் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அட்டவணை உண்டு: மனித ஆண் 18/00 வரை, மனிதப் பெண் 18/50 வரை (18 விழுந்த ஃபைட்டர் நூறு வரை இன்னொரு எண் உருட்டுவார், 00 என்றால் நூறு). எல்ஃப் பெண்ணுக்கு 16, ஹாஃப்லிங் பெண்ணுக்கு 14. அங்கே கழித்தல் இல்லை, உச்சவரம்பு மட்டும். 1989-இல் 2ஆம் பதிப்பு வந்தபோது பாலின வரம்பு காணாமல் போனது.

நிலவறைக்காவலன்:
அதில் எனக்கு உடன்பாடு. உச்சியில் மட்டும்தான் தொடும். 3டி6-இல் (மூன்று ஆறுபக்கப் பகடையின் கூட்டல்) 18 விழுவது 216-இல் ஒன்று, அதில் பாதிதான் 50-ஐத் தாண்டும். 432 பேரில் ஒருவருக்காக இவ்வளவு கூச்சலா?

பழையபதிப்பு:
432 என்பது வரிசை மாற்றாமல் 3டி6 உருட்டினால். 1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு முதல் முறையாகச் சொன்னது 4டி6 உருட்டி, சிறியதை விட்டு, விருப்பப்படி அடுக்குவது. அப்படி ஆறு முறை உருட்டினால் ஒரு 18-ஆவது விழ 9.3% வாய்ப்பு. ஃபைட்டர் அதை ஸ்ட்ரெங்த்தில்தான் வைப்பார். அதில் பாதி என்றால் ஏறக்குறைய 21 ஃபைட்டரில் ஒருவர். இழப்பும் சில்லறை இல்லை: 18/50-க்கு அடிக்க +1, டேமேஜ் +3. 18/00-க்கு +3, +6.

பகடைப்பாண்டி:
அதுவும் யாருக்கு வலிக்குது பாருங்க. அதிர்ஷ்டமா நல்ல டைஸ் விழுந்தவங்களுக்கு மட்டும். ஜிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) பக்கத்துல உட்கார்ந்து, விழுந்த நம்பரை அழிச்சு எழுதச் சொல்றதைவிட மோசமான விதி கிடையாது.

பழையபதிப்பு:
வேறு வழி உண்டு. ஜர்ப்ஸ் என்ற இன்னொரு ஆட்டத்தில் அடிப்படைத் தூக்குதிறன் எஸ்டியின் (அங்கே ஸ்ட்ரெங்த்தின் பெயர்) வர்க்கத்தை 5-ஆல் வகுத்தது. தூக்கும் அளவு, முதலில் சொன்ன 187, 267 போல, 70% ஆனால் எஸ்டி 20-க்கு எதிரே சுமார் 17 போதும். எஸ்டி ஒரு புள்ளிக்கு 10 பாயிண்ட். மூன்று குறைத்தால் 30 பாயிண்ட் கையில், வேண்டியதில் போடலாம். பாயிண்ட் கொடுத்து வாங்கும் ஆட்டத்தில் தண்டனை விதியே தேவையில்லை. உடல்வாகு எப்படி என்பதை ஆடுபவரே எழுதிக்கொள்கிறார்.

நிலவறைக்காவலன்:
சரி, பிளேயர் கேரக்டரை விட்டுவிடுகிறேன். சாகசத்துக்குக் கிளம்புகிறவர் ஊர் சராசரி இல்லை என்ற வாதம் ஏற்கத்தக்கதே. என்பிசிக்கு (ஜிஎம் ஆட்டுவிக்கும் பாத்திரங்களுக்கு) மட்டும்? ஊர்க்காவல் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 9 என்று ஸ்டாட் பிளாக் (எண் பட்டியல்) போட்டால் யாருக்கு நஷ்டம்?

பகடைப்பாண்டி:
போடுங்க, ஆனா டி20 அதைக் காட்டாது. உருட்டுனதோட கூட்டுறது 12க்கு +1, 9க்கு −1. கை மல்லுக்கட்டுல 12 ஜெயிக்க 57%, 9 ஜெயிக்க 38%, மீதி டை. ஆறு புள்ளி இடைவெளி வச்சாக்கூட பலவீனமானவர் மூணுல ஒரு தடவை ஜெயிப்பார். ஆனா அதே ஆறு புள்ளி மேல சொன்ன ஃபைட்டருக்கு 4.875-ஐ 2.25 ஆக்கிடும். ஒரே நம்பர், வாள்ல கொடூரம், மல்லுக்கட்டுல ஒண்ணுமில்லை.

நிலவறைக்காவலன்:
அப்படியானால் மாற்ற வேண்டியது டைஸைத்தான். 3டி6 உருட்டி ஸ்டாட்டுக்குள் அடக்கினால் 12-க்கு 74%, 9-க்கு 37.5%. மல்லுக்கட்டு, கதவு உடைப்பு, பாறை நகர்த்தல் மூன்றுக்கும் அது, வாளுக்குப் பழைய டி20. ஸ்டாட் பிளாக்கை ஞாயிற்றுக்கிழமை இங்கேயே போடுகிறேன்.

பழையபதிப்பு:
பாறைக்கு டைஸே வேண்டாம். எடையை எழுதுங்கள், தூக்கும் அளவோடு ஒப்பிட்டால் முடிந்தது.