அரியத்தில் நிறங்கள் பிரியவில்லை, நடுவில் வெள்ளையே நிற்கிறது. ஏன்?

கல்லடி விஞ்ஞான ஆசிரியை
தரம் 11 பிள்ளைகளுக்கு நிறப்பிரிகை (வெள்ளை ஒளி நிறங்களாகப் பிரிவது) காட்ட வேண்டும். 60 பாகைக் கண்ணாடி அரியம் (முக்கோணக் கட்டை). யன்னலை மூடிய மட்டையில் 1 செ.மீ. அகலப் பிளவு, திரை 30 செ.மீ. தள்ளி. ஒரு கரையில் செம்மஞ்சள், மறு கரையில் நீலம், இடையில் முழுக்க வெள்ளை. அரியத்தைத் திருப்பினால் சில நேரம் நிறமே இல்லை. அரியம் பழுதா?

மட்டு பௌதிகம்
அரியத்தில் பிழையில்லை டீச்சர், தூரந்தான் போதாது.

சாதாரண கிரௌன் கண்ணாடியின் முறிவுச்சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) சிவப்புக்கு ஏறக்குறைய 1.514, ஊதாவுக்கு 1.530. இந்தச் சின்ன வித்தியாசம் 60 பாகை அரியத்தில் இரண்டு நிறத்தையும் 1.4 பாகைதான் பிரிக்கும். 30 செ.மீ. தூரத்தில் அது வெறும் 7 மி.மீ. உங்கள் பிளவோ 10 மி.மீ. எல்லா நிறமும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து திரும்பவும் வெள்ளையாகிறது, கரைகளில் மட்டும் நிறம் தப்புகிறது.

இரண்டு சவர பிளேட்டை மட்டையில் ஒட்டிப் பிளவை 2 மி.மீ. ஆக்குங்கள். திரையை 2 மீற்றருக்குக் கொண்டுபோங்கள், பிரிவு 5 செ.மீ. வரும். சூரியனே அரைப் பாகை அகலமானது என்பதால் நிறங்கள் கொஞ்சம் கலந்துதான் தெரியும். நியூட்டன் 1672இல் எழுதியதில் துளை கால் அங்குலம், சுவர் 22 அடி தூரம்! வகுப்பறை முழு நீளத்தையும் பாவியுங்கள்.

நிறமே வராததற்குக் காரணம் படுகோணம், அதாவது படும் ஒளி அரிய முகத்தின் செங்குத்தோடு ஆக்கும் கோணம். ஒளி முகத்துக்குச் செங்குத்தாகப் போனால் இரண்டாம் முகத்தில் முழுவுட்தெறிப்பு (வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே தெறிப்பது) நடந்து மூன்றாம் முகத்தால் வெள்ளையாகவே வெளியேறும். படுகோணம் 30 பாகைக்குக் கீழே போகக்கூடாது. மெதுவாகத் திருப்புங்கள். நிறப்பட்டை ஒரு பக்கம் நகர்ந்து, நின்று, திரும்பி வரும். அது நிற்கும் இடந்தான் இழிவு விலகல் (ஒளி மிகக் குறைவாக வளையும் நிலை), படுகோணம் அப்போது 49 பாகையளவில் இருக்கும். அங்கேயே விடுங்கள்.

அக்கரைப்பற்று ஆய்வுகூடம்
அரியம் ஒன்றுதான் இருந்தால் குழுக்களுக்குத் தண்ணீர்ப் பேசினும் முகம் பார்க்கும் கண்ணாடியும் கொடுங்கள். காலை 8 மணியளவில், கிழக்கு யன்னலோரம். கண்ணாடியை வெயிலைப் பார்க்கக் கிடையிலிருந்து 35 பாகை சரித்து, முழுக்கத் தண்ணீருக்குள் வையுங்கள். வெளியே நீட்டிய பகுதி வெறும் வெள்ளையைத்தான் எறியும். ஏறக்குறைய 45 பாகைக்கு மேல் நிமிர்த்தினால் ஒளி தண்ணீரை விட்டு வெளியே வராது. நிறம் எதிர்ச்சுவரில் விழாது, முகட்டிலோ யன்னலுக்கு மேலேயோ தேடுங்கள். தண்ணீர் ஆடி அடங்கும்வரை பொறுக்க வேண்டும். கண்ணாடியில் தெறிக்கும் வெயிலைப் பிள்ளைகள் நேரே பார்க்கக் கூடாது.

கல்லடி விஞ்ஞான ஆசிரியை
நன்றி சேர். மாரியில் வெயில் இல்லாத நாளில் போன் டோர்ச் சரிவருமா?

மட்டு பௌதிகம்
நிறம் வரும், ஆனால் முழுமையாக வராது. டோர்ச்சில் உள்ள எல்ஈடி நீல ஒளியை மஞ்சள் பூச்சில் பட வைத்து வெள்ளையாக்குகிறது. ஆகவே ஊதா இருக்காது, நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் மங்கல் விழும். பழைய இழை பல்ப் கிடைத்தால் அதை எடுங்கள். ஊதா மங்கலானாலும் இடைவெளி இல்லாத பட்டை வரும். பிளவுக்கும் அரியத்துக்கும் இடையில் ஒரு குவிவு வில்லையை வைத்து, அரியம் இல்லாமல் முதலில் பிளவின் விம்பத்தைத் திரையில் கூர்மையாக்கிக் கொள்ளுங்கள்.