எபாக்சி ரெசினுக்கு நெய்த கண்ணாடி இழைத் துணி, வேலூர் பக்கம் எங்கே கிடைக்கும்?
வணக்கம். பைபர் கயாக் (சிறு துடுப்புப் படகு) ஒன்றின் பின்முனை அடியில் ஜெல்கோட் (வெளிப்பூச்சு) போய் இழை தெரிகிறது. கரையில் கல்மேல் இழுத்தால் முதலில் தேய்வது அங்கேதான். ஓட்டை இல்லை. 80 நம்பர் உப்புத்தாள் போட்டு, அசிட்டோனால் துடைத்து, எபாக்சியில் இரண்டு அடுக்கு துணி ஒட்டவேண்டும். மேல் துணி ஒரு அங்குலம் பெரிதாக.

காட்பாடி, ராணிப்பேட்டையில் கேட்டால் நறுக்கு இழை மேட்தான் (நெய்யாமல், துண்டு இழைகளை ஒட்டிய விரிப்பு) தருகிறார்கள். அந்த இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசினில்தான் கரையும், எபாக்சியில் சரியாக நனையாது. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த துணி ஒரே ஒரு மீட்டர், சில்லறையாக யாரிடம் கிடைக்கும்?

எபாக்சியை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரும், மெதுவாக இறுகும் வகையில் வேண்டும். நம்ம ஊர் வெயிலில் வேகமானது கப்பிலேயே கொதித்துக் கட்டியாகிவிடும். பிளாஸ்டிக் வெல்டிங் யோசனை மட்டும் வேண்டாம், இது பைபர்!